பெருமாட்டியின் தலைவலி

"தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும்" என்பது நம் நாட்டுப் பழமொழி. இவ்விரண்டனுள் காய்ச்சலை அளப்பதற்குக் கருவி உண்டு. வெப்பமானியை வைத்தால் அது இத்தனை டிகிரி என்று சொல்லிவிடும். தலைவலியை அளக்கும் கருவியோ இன்றளவும் எவராலும் செய்யப்படவில்லை. நோயாளி "வலிக்கிறது" என்கிறார்; அச்சொல்லை மருத்துவர் நம்ப வேண்டும், அல்லது நம்பாது விட வேண்டும். ஆகவே தலைவலியின் வரலாறு மருந்துகளின் வரலாறு மட்டுமன்று. வலியுற்றவர் சொன்னதை உலகம் எவ்வாறு கேட்டது என்பதன் வரலாறும் ஆகும். 47 ஆண்டுகள் வாழ்ந்து, அவற்றுள் 35 ஆண்டுகளைத் தலைவலியோடு கழித்த ஓர் ஆங்கிலப் பெருமாட்டியின் வாழ்வைக் கொண்டு அவ்வரலாற்றை இன்று காண்போம்.

அதற்கு முன் பழங்காலத்தைச் சற்றே பார்த்துவிடுவது நலம். தலைவலி புதிய நாகரிகம் தந்த நோய் என்று எண்ணுவோர் உளர், அஃது உண்மையன்று. நம் நாட்டுப் பழைய மருத்துவ நூலான சுசுருத சம்ஹிதை தலைநோய்களைப் பதினொரு வகையாகப் பிரிக்கின்றது. அவற்றுள் ஒன்று சூரியாவர்த்தம். கதிரவன் ஏற ஏற ஏறி, சாயச் சாயத் தணியும் வலி அது. மற்றொன்று அர்த்தாவபேதகம், தலையின் பாதியைப் பிளப்பது என்பது அதன் பொருள். கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அரெட்டேயஸ் என்னும் கிரேக்க மருத்துவர் தலைவலியை மூன்றாகப் பகுத்தார்: சில நாளில் நீங்குவது ஒன்று, நீங்காது நிலைப்பது ஒன்று, ஒரு பக்கமே பற்றுவது ஒன்று. அதே நூற்றாண்டின் கேலன் என்னும் பேரறிஞர் மூன்றாவது வகைக்கு இட்ட பெயருக்கு 'அரைமண்டை' என்பது பொருள். அக்கிரேக்கச் சொல்லே காலப்போக்கில் தேய்ந்து 'மைக்ரேன்' என்றாயிற்று. நாம் ஒற்றைத் தலைவலி என்கிறோம். இத்தனை மொழிகள் ஒரே கருத்தில் பெயர் சூட்டியிருப்பதைக் காணும்போது, எங்கும் நோயாளிகள் ஒரே மாதிரியாகவே நெற்றிப்பொட்டைத் தொட்டுக் காட்டியிருக்கிறார்கள் என்பது விளங்கும்.

பெயரிடுதல் எளிது, காரணம் காணல் அரிது, தீர்த்தலோ அதனினும் அரிது. கி.பி. முதல் நூற்றாண்டில் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் என்னும் ரோமானிய மருத்துவர், உயிருள்ள மின்மீன் ஒன்றைத் தலையில் வலிக்கும் இடத்தில் வைத்து, அவ்விடம் மரத்துப் போகும்வரை விட்டிருக்கச் சொன்னார். மின்சாரம் என்ற கருத்தே பிறவாத காலத்தில் கையாளப்பட்ட மின் சிகிச்சை அது. இரத்தத்தை வடிப்பதும், சூடு போடுவதும், மண்டையோட்டைத் துளையிடுவதும் பல நாடுகளில் பல நூற்றாண்டுகள் நடைபெற்றன. இவற்றையெல்லாம் மூடத்தனம் என்று இகழ்ந்துவிடுதல் நமக்கு எளிது. ஆனால், வலி பொறுக்கமாட்டாத மனிதன் எதற்கும் உடன்படுவான் என்பதையும் நாம் உணர வேண்டும். இனி நாம் கூறவந்த பெருமாட்டியின் வரலாறு இதற்குச் சான்றாகும்.

1631-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் லண்டன் நகரில் ஆன் பின்ச் என்னும் பெண்மகவு பிறந்தது. தந்தையார் ஆங்கிலப் பாராளுமன்றத்தின் அவைத்தலைவராக இருந்தவர்; மகள் பிறப்பதற்குச் சில நாட்களுக்கு முன்னரே மறைந்துவிட்டார். பெண்களைப் பல்கலைக்கழகத்தில் சேர்த்துக்கொள்ளாத காலம் அது. எனினும் அச்சிறுமி இலத்தீன் முதலிய மொழிகளைக் கற்றுத் தேர்ந்தாள். அவளுடைய தமையனார் கேம்பிரிட்ஜில் பயின்றவர். அவர் வாயிலாக ஹென்றி மோர் என்னும் தத்துவப் பேராசான் அறிமுகமானார். கல்லூரி வாயிலுக்குள் நுழைய முடியாத அப்பெண்ணுக்கு அவர் கடிதங்கள் மூலமே தத்துவம் கற்பித்தார். டேக்கார்ட்டே என்னும் பிரெஞ்சு அறிஞரின் கொள்கைகளை ஆராய்ந்து ஆசிரியரும் மாணவியும் எழுதிக்கொண்ட கடிதங்கள் இன்றும் கிடைக்கின்றன. 1651-இல் எட்வர்டு கான்வே என்னும் பிரபுவை மணந்து, அவள் ஆன் கான்வே ஆனாள்.

அறிவும் செல்வமும் நிறைந்த அவ்வாழ்வில் குறை ஒன்றே. பன்னிரண்டு வயதளவில் அவளுக்கு ஒரு காய்ச்சல் கண்டது. காய்ச்சல் நீங்கிற்று, ஆனால் அதன்பின் தலைவலி தொடங்கிற்று. முதலில் எப்போதாவது வந்தது. பின்னர் அடிக்கடி வந்தது. வயது ஏற ஏற, வலியில்லாத நாளே அரிதாயிற்று. வந்தால் இரண்டு நாள், மூன்று நாள், சில வேளைகளில் நான்கு நாள் நீடிக்கும். வெளிச்சம் ஆகாது, பேச்சொலி ஆகாது, அசைவும் ஆகாது. இருட்டறையில் படுக்கையின்மீது நிமிர்ந்து உட்கார்ந்தபடி, உணவும் உறக்கமுமின்றி அவள் காலத்தைக் கடத்துவாள். வலி தணியத் தொடங்கிய பின்னரே தலையைச் சாய்க்க இயலும்.

பெருமாட்டி அல்லவா? நாட்டின் தலைசிறந்த மருத்துவர்களெல்லாம் வந்தனர். உடலில் இரத்தம் சுற்றியோடுவதை 1628-இல் நூல் எழுதி நிறுவிய வில்லியம் ஹார்வியே ஆலோசனை கூறினார். மண்டையோட்டைத் துளையிட்டுப் பார்க்கலாம் என்பது அவ்வாலோசனை. அதற்கென்றே 1656-இல் ஆன் கான்வே பாரிஸ் நகருக்குப் பயணமானாள். துளையிடுவதற்குப் பிரெஞ்சு மருத்துவர்கள் துணியவில்லை. அதற்குப் பதிலாக இரத்தக் குழாயைத் திறந்து இரத்தத்தை வெளியேற்றினர். பலனில்லை. பாதரசக் களிம்பு ஒன்றைப் பூசிக்கொண்டதால் வாய்நீர் ஓயாது ஊறி, உயிருக்கே ஆபத்து நேரும் நிலை வந்தது. தாதுநீர் ஊற்றுகளில் நீராடியும் பயனில்லை. 1666-இல், கையால் தடவி நோய் தீர்ப்பவர் என்று புகழ்பெற்றிருந்த கிரேட்ரேக்ஸ் என்பவரை அயர்லாந்திலிருந்து வரவழைத்தனர். அவர் மாளிகையில் தங்கியிருந்தபோது சுற்றுவட்டாரத்து மக்கள் பலர் அவரிடம் வந்து, தங்கள் நோய் தணிந்ததென்று சொல்லிச் சென்றார்கள். அழைத்தவளின் தலைவலி மட்டும் தணியவில்லை.

இவ்வாறு வந்த மருத்துவர்களுள் ஒருவர்தாம் தாமஸ் வில்லிஸ். மூளையின் அடித்தளத்தில் இரத்தக் குழாய்கள் ஒன்றோடொன்று இணைந்து வளையமாக அமைந்துள்ளன. அவ்வளையம் இன்றும் அவர் பெயரால் 'வில்லிஸ் வளையம்' என்றே வழங்குகின்றது. மூளையின் அமைப்பைப் பற்றி அவர் 1664-இல் வெளியிட்ட நூல் அத்துறைக்கு அடிப்படையாயிற்று. அத்தகைய மேதையாலும் ஆன் கான்வேயின் தலைவலியைத் தீர்க்க முடியவில்லை. ஆனால் அவர் செய்த செயல் ஒன்று, தீர்ப்பதற்கு அடுத்தபடியாகப் போற்றத்தக்கது. 1672-இல் வெளியிட்ட மற்றொரு நூலில், பெயரைக் குறிப்பிடாமல், இந்நோயாளியின் வரலாற்றை முழுமையாக எழுதினார். வலி எப்போது தொடங்கியது, எவ்வளவு நேரம் நீடித்தது, பருவ மாற்றமும் மனக் கொந்தளிப்பும் உணவுத் தவறும் அதை எவ்வாறு மிகுவித்தன, என்னென்ன மருந்துகள் தோற்றன என்றெல்லாம் பதிந்து வைத்தார். தம் வெற்றிகளையே எழுதுவது மனித இயல்பு. தோல்வியையும் மறைக்காது எழுதினமையால், அந்நோயாளியின் படுக்கையருகே நிற்பதுபோல் இன்றைய மருத்துவர்களும் அவ்வரலாற்றைப் படிக்க முடிகின்றது. இஃது ஒற்றைத் தலைவலியே ஆகலாம் என்று இன்று பலர் கருதுவதற்கும் அக்குறிப்பே ஆதாரம்.

வில்லிஸ் கண்ட மற்றோர் உண்மையும் உண்டு. வலிப்பது மூளையன்று, மூளையைப் போர்த்திருக்கும் உறைகளும், அவற்றிலுள்ள குழாய்களும் நரம்பிழைகளுமே வலியை உணர்கின்றன என்றார் அவர். இது வியப்பாகத் தோன்றலாம். ஆயினும் உண்மை அதுவே. மூளைத் திசுவுக்கு நோவுணர்ச்சி கிடையாது. அதனாலன்றோ இன்று சில மூளை அறுவைச் சிகிச்சைகளை, நோயாளி விழித்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே செய்ய முடிகின்றது!

ஆன் கான்வேயோ வலி நின்ற இடைவேளைகளில் படித்தாள், சிந்தித்தாள். 1660-இல் தன் ஒரே குழந்தையை அம்மை நோய்க்குப் பறிகொடுத்தாள். அப்போதும் கல்வியைக் கைவிட்டாளில்லை. தன் இறுதி ஆண்டுகளில் சிறு குறிப்பேடு ஒன்றில் தத்துவக் கருத்துகளை எழுதிவந்தாள். உடல் வேறு, உள்ளம் வேறு, இரண்டும் முற்றிலும் வேறுபட்ட பொருள்கள் என்பது டேக்கார்ட்டேயின் கொள்கை. அதனை அவள் மறுத்தாள். அவ்விரண்டும் அத்துணை வேறானவை என்றால், உடல் புண்படும்போது உள்ளம் ஏன் துன்புறுகின்றது என்பது அவள் தொடுத்த வினா. நூல்களில் மட்டும் பிறந்த வினாவா அது? இருட்டறையில் கழிந்த எண்ணற்ற இரவுகள் அதன் பின்னே நிற்கின்றன. 1679-இல் அவள் மறைந்தாள். 1690-இல் ஆம்ஸ்டர்டாம் நகரில் அவள் நூல் இலத்தீன் மொழியில் அச்சாயிற்று. ஆசிரியர் பெயர் அதில் இல்லை. எனினும் ஜெர்மன் நாட்டுப் பேரறிஞர் லைப்னிட்ஸ் அவளுடைய கருத்துகளை அறிந்து மதித்தார். மருந்து தோற்ற இடத்திலும் ஒரு மனம் தோற்காமல் நின்றது என்பதற்கு அந்நூலே சாட்சி.

அவளுக்குப் பின் வந்த நூற்றாண்டுகளில் தலைவலி ஆராய்ச்சி முன்னேறியது. விந்தை யாதெனில், அம்முன்னேற்றத்திற்கு உதவியவர்களுள் பலர் தாமே தலைவலிக்காரர்கள். ஒற்றைத் தலைவலி வருமுன் சிலருடைய கண்முன் ஒளிக்கோடுகள் கோட்டைச் சுவர்போல் வளைந்து வளைந்து தோன்றி விரியும். ஹியூபர்ட் ஏரி என்னும் ஆங்கில மருத்துவர் தம் கண்முன் தோன்றிய அக்கோடுகளை வரைந்து 1870-இல் வெளியிட்டார். எட்வர்டு லிவிங் என்பவர் 1873-இல் எழுதிய பெருநூலில், இந்நோய் நரம்பு மண்டலத்தில் எழும் புயல் என்றார். 1941-இல் கார்ல் லாஷ்லி என்னும் அமெரிக்க உளவியலறிஞர், தம் பார்வையில் தோன்றிய ஒளிக்கோடு விரியும் வேகத்தைக் கவனித்துக் கணக்கிட்டார். மூளையின் மேற்பரப்பில் ஏதோ ஒன்று நிமிஷத்திற்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் நகர்கின்றது என்று முடிவுகட்டினார். மூன்றாண்டுகள் கழித்து, 1944-இல், லேயாவோ என்னும் பிரேசில் நாட்டு ஆராய்ச்சியாளர் முயலின் மூளையில் மெல்லப் பரவும் ஓர் அலையைக் கண்டறிந்தார். அதன் வேகமும் ஏறத்தாழ அதுவே! நோயாளி சொன்னதைக் கருவி மெய்ப்பித்த நாள் அது.

இதற்கிடையே இரத்தக் குழாய்களை ஆராய்ந்தவர்களும் உண்டு. ரை போன்ற தானியக் கதிர்களைப் பற்றும் 'எர்கட்' என்னும் காளானிலிருந்து 1918-இல் பிரித்தெடுக்கப்பட்ட எர்கோடமின் என்னும் மருந்து, நெற்றிப்பொட்டு இரத்தக் குழாயின் துடிப்பைக் குறைக்கும்போது வலியும் குறைகின்றது என்பதை 1938-இல் ஹெரால்டு உல்ஃப், ஜான் கிரஹாம் என்னும் இரு அமெரிக்கர் காட்டினர். குழாய் விரிவதே நோய்க்கு முழுக் காரணம் என்று சிலகாலம் நம்பினர். இன்று அக்கருத்து மாறியிருக்கின்றது. முகத்துக்கும் மூளையுறைக்கும் கிளைவிட்டுச் செல்லும் ஐந்தாவது மண்டை நரம்பு கிளர்ச்சியுற்று, சி.ஜி.ஆர்.பி. எனப்படும் ஒரு பொருளைச் சுரக்கின்றது. வலியை மூட்டுவதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. அதனைத் தடுக்கும் ஊசிமருந்துகள் 2018 முதல் வழக்கத்துக்கு வந்துள்ளன. இத்துறையில் உழைத்த நால்வருக்கு 2021-இல் மூளை ஆராய்ச்சிக்கான உயர்ந்த பரிசு வழங்கப்பட்டது. மூளையுறையும் நரம்பிழையும் என்று வில்லிஸ் சுட்டிய இடத்துக்கே, மூன்றரை நூற்றாண்டு சுற்றி வந்து சேர்ந்திருக்கிறோம்.

எளிய மருந்துகளின் கதையும் சுவையானது. காய்ச்சலுக்கு வில்லோ மரப்பட்டை உதவுவதை எட்வர்டு ஸ்டோன் என்னும் ஆங்கிலப் பாதிரியார் 1763-இல் அறிவித்தார். அப்பட்டையின் சாரத்தைத் தேடிச் சென்ற இரசாயன அறிஞர்களின் உழைப்பால், 1899-இல் ஆஸ்பிரின் என்ற பெயரில் மருந்து பிறந்தது. அது வலியை எவ்வாறு தணிக்கின்றது என்பதை ஜான் வேன் 1971-இல்தான் விளக்கினார்; அவ்வாராய்ச்சிக்காக 1982-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். உலகம் 70 ஆண்டுகளுக்கு மேல் காரணம் அறியாமலே அம்மருந்தை விழுங்கி வந்தது!

ஈண்டு ஓர் எச்சரிக்கை தேவை. எர்கோடமின் மருந்தை அடிக்கடி உட்கொண்டோருக்கு, அம்மருந்தே தலைவலியை நிலைக்கச் செய்வதை 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் மருத்துவர்கள் கண்டனர். பிற வலிநீக்கிகளும் அவ்வாறே என்பது பின்னர்த் தெளிவாயிற்று. 1988-இல் சர்வதேசத் தலைவலிச் சங்கம் வெளியிட்ட முதல் வகைப்பாட்டில் இதற்கும் ஓர் இடம் தரப்பட்டது. சாதாரண வலி மாத்திரைகளை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, சிலவகை மருந்துகளை 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்திற்கு மேல் தொடர்ந்து உண்டால், தீர்க்க வந்த மருந்தே நோயாகிவிடக் கூடும். கடையில் தாமே வாங்கி உண்ணும் பழக்கமுடையோர் இதனை மறத்தலாகாது. மேலும் ஆஸ்பிரின், மருத்துவர் சொன்னாலன்றி, சிறுவர்க்குரிய மருந்தன்று.

மாணவ நண்பர்களே! ஆன் கான்வே இன்று ஒரு மருத்துவரிடம் சென்றால் அவர் என்ன செய்வார்? முதலில் மண்டையைத் துளைக்கமாட்டார்; வினவுவார். ஒரு பக்கமா, இரு பக்கமா? துடிக்கும் வலியா, பட்டை கட்டி இறுக்குவது போன்ற வலியா? குமட்டல் உண்டா? வெளிச்சம் கூசுகின்றதா? மாதத்தில் எத்தனை நாள்? எத்தனை மாத்திரை? இவ்வினாக்களுக்குரிய விடைகளைக் கொண்டே பெரும்பாலும் நோய் தீர்மானிக்கப்படுகின்றது. உலகில் மிகுதியாகக் காணப்படுவது இறுக்கத் தலைவலி. கழுத்துத் தசையின் பிடிப்பும் மனக்கவலையும் அதனோடு சேர்ந்து வருவன. ஒற்றைத் தலைவலி பல குடும்பங்களில் வழிவழியாக வருகின்றது; ஆண்களைவிடப் பெண்களை மிகுதியாக வருத்துகின்றது. இவையன்றி, கண்ணின் பார்வைக் குறையாலும் வலி வரலாம் என்பதை 1870-களில் வியர் மிட்செல் என்னும் அமெரிக்க மருத்துவர் வலியுறுத்தினார். தக்க மூக்குக்கண்ணாடி அணிந்ததும் தலைவலி நீங்கிய மாணவர் நம்மிடையிலும் உளர்.

தணிக்கும் வழிகளுள் சிறந்தவை மிக எளியவை. குறித்த நேரத்தில் உறங்கி எழுதல், வேளை தவறாது உண்ணுதல், போதிய தண்ணீர் அருந்துதல், உடற்பயிற்சி, காப்பி தேநீரில் அளவு ஆகியவையே அவை. தேர்வுக் காலத்தில் இரவெல்லாம் விழித்து, காலையில் வெறும் வயிற்றோடு செல்வோருக்குத் தலைவலி வருவதில் வியப்பில்லை. வலி வந்த நாள், நேரம், உண்டது, உறங்கியது ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தல் மிகப் பயன்படும். வில்லிஸ் தம் நோயாளிக்காகச் செய்ததை நாமே நமக்குச் செய்துகொள்வது அது. அடிக்கடி வரும் வலிக்கு, வருமுன் காக்கும் மருந்துகளும் உண்டு. இதய நோய்க்கென வந்த புரோப்ரனலால் ஒற்றைத் தலைவலியையும் தடுப்பது 1966-இல் தற்செயலாகத் தெரியவந்தது. இவற்றையெல்லாம் மருத்துவர் தரக் கொள்ள வேண்டுமேயன்றித் தாமே தேடலாகாது.

சில தலைவலிகள் காத்திருக்கப் பொறாதவை. இடி விழுந்தாற்போல் ஒரே கணத்தில் உச்சமடைவது, காய்ச்சலோடும் கழுத்து விறைப்போடும் வருவது, கைகால் தளர்ச்சியோ பேச்சுக் குழறலோ பார்வை மங்கலோ உடன் தோன்றுவது, தலையில் அடிபட்ட பின் தொடங்குவது, 50 வயதுக்கு மேல் புதிதாகத் தோன்றுவது, நாளுக்கு நாள் மிகுவது ஆகிய இவற்றில் எதைக் கண்டாலும் தைலம் தடவிக்கொண்டு படுத்திராமல் உடனே மருத்துவமனையை நாட வேண்டும்.

உலக மக்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 40 பேரைத் தலைவலி நோய்கள் பற்றுகின்றன என்று உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிடுகின்றது. ஆகவே உங்கள் வகுப்பிலும் வீட்டிலும் அத்தகையோர் இருப்பர். "பள்ளிக்கு வராதிருக்கச் சாக்கு," "வேலைக்குச் சோம்பல்" என்று அவர்களை எள்ளி நகையாடுதல் வழக்கமாகிவிட்டது. காயம் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதால் வலி இல்லையென்று கொள்ளலாமா? ஆன் கான்வேயின் மருத்துவர்கள் எத்தனையோ தவறுகளைச் செய்தார்கள். ஆயினும் வில்லிஸ் அவள் வலியைப் பொய் என்று தள்ளிவிடவில்லை. அவள் சொன்னதைக் கேட்டார்; எழுதிவைத்தார். தலைவலி தனக்கு வந்தால்தான் தெரியும் என்றது பழமொழி. பிறர்க்கு வந்ததை நாம் அறிவதற்கும் வழி ஒன்று உண்டு. அவர் சொல்வதை நம்பிக் கேட்பதே அது.